மனிதன் மிருகமாகிவிட்டானாம்

குமரி மாவட்டத்தில் ஒரு கோயில் கொடை விழா நடத்த மூன்று பேர் தவறாமல் வேண்டும்: வில்லுப்பாட்டுக்காரர், மைக்செட்காரர், 'மனிதன் மிருகமாகிவிட்டான்' என்று பேச ஒருவர். முதல் இருவருக்கும் அவரவர் தொழில் தெரியும்.

கொடை என்றில்லை. சர்ச் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, வாசகர் வட்டம், ஓய்வூதியர் சங்கக் கூட்டம், எல்லாவற்றிலும் அந்த மூன்றாமவர் உண்டு. ஆள் மாறுவார், பேச்சு மாறாது. முன்னோர் காலத்தில் அறம் தழைத்தது. பிறகு மனிதன் மிருகமானான். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது, நாளைக்கு எந்திரமும் ஆகிவிடுவான். இடையில் ஒரு குட்டிக்கதை, ஒரு மாமியார் மருமகள் சிரிப்பு, கடைசியில் தழுதழுத்த குரல். கைதட்டல், பொன்னாடை, கவர். பள்ளிக்கூட நாளிலிருந்து இதைக் கேட்டுவருகிறேன். அப்போது எந்திரத்தின் இடத்தில் டிவி இருந்தது. அதற்கு முன்பு அந்த இடத்தில் சினிமா இருந்தது என்று அப்பா சொல்வார்.

கூட்டத்தில் எழுந்து கேட்டால் கமிட்டிக்காரர்கள் முறைப்பார்கள். ஆகவே எழுதுகிறேன்.

முதலில் சில்லறைகளைத் தீர்த்துவிடலாம். 'அந்தக் காலத்தில் யாரும் வீட்டைப் பூட்டியதில்லை.' பூட்டி வைக்க ஒன்றும் இல்லாதவர்கள்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர். 'அந்தக் காலத்தில் விவாகரத்து கிடையாது.' ஆமாம், கிணறு இருந்தது. 'அந்தக் காலத்தில் கலப்படம் கிடையாது.' பாலில் தண்ணீர் ஊற்றும் வித்தை பாக்கெட் பாலோடு பிறந்ததா என்ன? 'அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பம் இருந்தது.' இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் அந்தக் கூட்டுக் குடும்பம் எப்படி இருந்தது என்று தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒரு முழு நூலே எழுதிவைத்திருக்கிறார்: 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. குடும்பத் தலைவரான காரணவர் செத்தால் சொத்து மருமக்களுக்கு, அதாவது அக்கா தங்கை பிள்ளைகளுக்கு; பெற்ற பிள்ளைகளும் தாலி கட்டிக்கொண்டவளும் தெருவுக்கு. அந்த முறை ஒழிய 1926இல் தனிச் சட்டமே போடவேண்டியிருந்தது. கவிமணியை மேடையில் புகழாத பேச்சாளர் எங்கள் மாவட்டத்தில் இல்லை. படித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை.

இனிப் பெரிய விஷயம். எது அந்த 'அந்தக் காலம்'?

மேடைக்காரர் ஆண்டைச் சொல்லமாட்டார். சொன்னால் மாட்டிக்கொள்வார். சங்ககாலம் என்றால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, விட்டுவிடலாம். தாத்தாவின் தாத்தா காலம் என்றால் தெரியும். 1956 நவம்பர் 1 அன்றுதான் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முன்பு திருவிதாங்கூர். எழுதி வைப்பதில் சளைக்காத அரசு அது. சும்மா அரசும் இல்லை, தர்ம ராஜ்யம். 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்குத் திருப்படித்தானமாக எழுதிக்கொடுத்தார். அதன்பிறகு வந்த ராஜாக்கள் எல்லாரும் பத்மநாபதாசர்கள். அறம் மேலிருந்து இறங்கும் என்று நம்புகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்குமா? ஆண்டவனே ஆண்ட நாடு. அங்கே என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

'அன்றைய பெண்கள் அடக்கமாக உடுத்தினார்கள்' என்பது பேச்சின் பத்தாவது நிமிடத்தில் வரும். சொல்லும்போது முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பெண்களை ஒரு பார்வை பார்ப்பார். பேச்சு நடக்கிற அதே மண்ணில், அடக்கமாக உடுத்தியதற்காகத்தான் பெண்களுக்கு அடி விழுந்தது. நாடார் பெண்களும், அவர்களைவிடத் தாழ்ந்தவர்கள் என்று வைக்கப்பட்டிருந்தவர்களும் மார்பை மறைக்கக் கூடாது என்பது வழக்கம். வழக்கம் என்றால் சட்டத்தின் அண்ணன். ஆங்கிலேய ரெசிடெண்ட் கர்னல் மன்றோ 1813இல் கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று ஓர் உத்தரவு வாங்கிக்கொடுத்தார். பெண்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை, மேலே சீலையும் போட்டார்கள். சந்தைக்குப் போகிற வழியில் அந்தச் சீலை பிடித்து இழுக்கப்பட்டது, கிழிக்கப்பட்டது. 1829இல் அரசு தீர்த்துச் சொல்லிவிட்டது: குப்பாயம் சரி, மேற்சீலை கூடாது. அப்படிச் சொன்ன ராணியும் ஒரு பெண்தான். அவருக்கு அதில் ஒரு குற்ற உணர்ச்சியும் இருந்திருக்காது. வழக்கத்தைக் காத்தார். அறம் காத்தார் என்றே அன்றைய மேடைக்காரர் பேசியிருப்பார், பொன்னாடையும் கிடைத்திருக்கும்.

1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் கலவரம் உச்சத்துக்குப் போனது. பள்ளிக்கூடங்களும் ஜெபக் கூடங்களும் எரிந்தன. கடைசியில் 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தார். அதிலும் ஒரு வால்: மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் போடக் கூடாது. மற்றச் சாதிப் பெண்கள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருந்தார்கள். சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்ததால்தான் ராஜா இறங்கினார் என்று சிலர் சொல்வார்கள். இருக்கட்டுமே. கவர்னர் காதுக்கு விஷயம் போகுமளவுக்கு அடி வாங்கியும் சீலையைக் கீழே போடாதவர்கள் யார்?

சுசீந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாணுமாலயன் கோயிலுக்குப் போகிறவர்கள் இசைத்தூணைத் தட்டிப் பார்ப்பார்கள், பெரிய அனுமாருக்கு வெண்ணெய் சாத்துவார்கள். அந்தக் கோயிலுக்கு இன்னொரு புகழ் இருந்தது. கைமுக்கல். நம்பூதிரி ஒருவர்மேல் ஒழுக்கக்கேட்டுப் புகார் வந்தால் விசாரித்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கொதிக்கிற நெய்க்குள் கையை விட்டு, உள்ளே கிடக்கும் சிறு உருவத்தை எடுக்கச் சொல்வார்கள். பிறகு கையைச் சுற்றிக் கட்டி முத்திரை வைப்பார்கள். சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்த்து, வெந்திருந்தால் குற்றவாளி, வேகாமலிருந்தால் உத்தமர். அகலிகையால் வந்த பழியை இந்திரனே இங்கே கொதிநெய்யில் தீர்த்துக்கொண்டான் என்பது தலபுராணம். தேவராஜனுக்கு ஒத்துவந்த முறை மனிதனுக்கு ஒத்துவராதா?

இந்த முறையை நான் வெகுநேரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். நெய் யாரிடமும் லஞ்சம் வாங்காது. அழுகையைப் பார்த்து இளகாது. ஒரே அளவு சூட்டில் எல்லாக் கையையும் ஒரே மாதிரிதான் பார்க்கும். சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம், காரணம் எழுத வேண்டாம். அடுப்பை யார் எரித்தார், எவ்வளவு நேரம் எரித்தார், கையில் காய்ப்பு இருந்ததா, கட்டியவர் யாருக்கு வேண்டியவர் என்று யாரும் கேட்கக் கூடாது. மேல்முறையீடும் கிடையாது. சாமியே தீர்ப்புச் சொன்னபிறகு எந்தக் கோர்ட்டுக்குப் போவது? சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் இது நிறுத்தப்பட்டது. நிறுத்தியபோது 'தலைமுறை தலைமுறையாக வந்த அறம் போச்சே' என்று சுசீந்திரம் நாலு தெருவிலும் எத்தனை பெரியவர்கள் புலம்பியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். நம் மேடைக்காரரின் கொள்ளுத்தாத்தா அவர்களில் ஒருவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நெய்யில் கை விட்டவர் நம்பூதிரி. அவருக்காவது ஒரு சடங்கு இருந்தது. அடிமைக்கு அதுவும் இல்லை. 1836இல் திருவிதாங்கூர் எடுத்த கணக்கில் அடிமைகள் ஒரு லட்சத்து 64 ஆயிரத்துக்கு மேல். மொத்த சனத்தொகை ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம். எட்டுப் பேரில் ஒருவர். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணிதான் வெளியே கொண்டுவந்தார். அவற்றில் நிலத்துக்கும் நீருக்கும் எழுதிய ஓலைகளோடு ஆளை விற்ற ஓலைகளும் கிடக்கின்றன. வயலை விற்கிற கையோடு வயலில் நிற்கிறவனையும் விற்றார்கள். நாஞ்சில் நாட்டு நெல் என்று நாம் பெருமையாகச் சொல்வது அந்தக் கைகள் நட்டது. 1855இல்தான் அடிமை முறை முழுதாக ஒழிந்தது. ஒழிந்தபிறகும் ஈழவர் 36 எட்டும் புலையர் 96 எட்டும் நம்பூதிரியிடமிருந்து தள்ளி நிற்க வேண்டும் என்றிருந்ததை சாமுவேல் மெட்டீர் பாதிரியார் 1871இல் எழுதினார். 'அன்று மனிதன் மனிதனோடு நெருங்கி வாழ்ந்தான்' என்று மைக்கில் சொல்லும்போது இந்த 96 எட்டையும் கொஞ்சம் அளந்து காட்டினால் நன்றாக இருக்கும். கொடைப் பந்தலைத் தாண்டி வயலில் போய் நிற்க வேண்டிவரும்.

இவ்வளவையும் சொன்னால் மேடைக்காரருக்கு ஒரு பதில் உண்டு. 'அதெல்லாம் சாதிக் கொடுமை, நான் சொல்வது மனிதநேயம். வழிப்போக்கனுக்குத் திண்ணை, மோர்ப்பந்தல், சத்திரம்.' திண்ணை இருந்தது. அதில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதானே கேள்வி. 1925இல் கன்னியாகுமரி அம்மன் கோயிலுக்குள் காந்தியையே விடவில்லை. என்ன குற்றம்? கடல் கடந்து இங்கிலாந்து போய்வந்தவர். அந்த விதி இன்றும் இருந்தால் மாவட்டத்தில் அம்மனைக் கும்பிட ஆள் இருக்காது, வீட்டுக்கு ஒருவர் துபாயிலும் தோஹாவிலும் அல்லவா இருக்கிறார்? மறு ஆண்டு சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்று சத்தியாகிரகம் நடந்தது. கவனியுங்கள், கோயிலுக்குள் போக அல்ல, தெருவில் நடக்க. கதவு திறந்தது 1936 நவம்பர் 12 அன்று, சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தபிறகு.

ஆக அறம் தேய்ந்து போகவில்லை. நம் கண்முன்னே, தேதி சொல்லும்படி வளர்ந்திருக்கிறது. மேலிருந்து யாரும் இறக்கிவைக்கவில்லை. கீழே நின்றவர்கள் 'மாட்டேன்' என்று சொன்ன இடங்களில் முளைத்திருக்கிறது. அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் எல்லாருக்கும் ஒரே கிணறு என்றார். தலையில் துண்டு கட்டக் கூடாதவர்களைத் தலைப்பாகையோடு வரச் சொன்னார். அதற்காகப் பத்மநாபதாசரின் அரசு அவரைப் பிடித்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் போட்டது. இன்றும் சாமித்தோப்புப் பதிக்குள் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் போகிறார்கள். வேறு கோயில்களில் தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டும் அதே பக்தர், இங்கே வாசலில் நின்று அதை எடுத்துத் தலையில் சுற்றுவதைப் பார்க்கலாம். அந்தக் காலத்து அறத்தை மீறிய குற்றம் இங்கே வழிபாடாக நிற்கிறது.

அடுத்தது மிருகம்.

மேடைக்காரரின் பேச்சில் மிருகத்துக்கு இரண்டு வேலை. எட்டாவது நிமிடத்தில் நன்றிக்கு நாய், உழைப்புக்கு எறும்பு, கூடி உண்பதற்குக் காக்கை என்று பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கும். இருபதாவது நிமிடத்தில் கொலைகாரனுக்கு உவமையாக வந்து நிற்கும். எது சரி என்று நாயும் எறும்பும் கேட்கப் போவதில்லை என்ற தைரியம். காக்கை பறவை, எறும்பு பூச்சி, இவை மிருகத்தில் சேராது என்று நழுவவும் வழி உண்டு.

1964இல் அமெரிக்காவில் ஜூல்ஸ் மாசர்மன் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். குரங்கு எந்தச் சங்கிலியை இழுத்தாலும் தீனி விழும். ஆனால் ஒரு சங்கிலியை இழுக்கும்போதெல்லாம் கண்ணாடிக்கு அப்புறம் இருக்கும் இன்னொரு குரங்குக்கு மின்சார அதிர்ச்சி. பெரும்பாலான குரங்குகள் அந்தச் சங்கிலியைத் தவிர்த்தன. ஒரு குரங்கு ஐந்து நாள் எந்தச் சங்கிலியையும் தொடவில்லை. இன்னொன்று பன்னிரண்டு நாள் பட்டினி கிடந்தது. இதே காலத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் மனிதர்களை வைத்து ஏறத்தாழ இதையே செய்தார். பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் அதிர்ச்சி கொடுக்கச் சொன்னார். அது நடிப்பு, மின்சாரம் பாயவில்லை என்பது பொத்தானை அழுத்துகிறவருக்குத் தெரியாது. சாம்பல் நிறக் கோட்டுக்காரர் 'தொடருங்கள்' என்றால் போதும், 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். குரங்குக்குப் பசி. இவர்களுக்குக் கையில் நாலரை டாலர், பணத்தை எப்படியும் கொடுத்துவிடுவோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மனிதன் மிருகமானான் என்றால் அந்த 26 பேருக்கு அது பதவி உயர்வு.

2011இல் சிகாகோவில் எலிகளை வைத்துப் பார்த்தார்கள். குழாய்க்குள் அடைபட்ட தோழனைக் கதவு திறந்து விடுவித்தது எலி. பக்கத்திலேயே இன்னொரு குழாயில் சாக்லேட் இருந்தும் இரண்டையும் திறந்து, சாக்லேட்டில் கொஞ்சத்தைத் தோழனுக்கும் மிச்சம் வைத்தது. நம் வீட்டு எலிப்பொறியில் இதைச் சோதிக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்குப் பிடித்தது வெள்ளரிக்காய்க் கதை. 2003இல் சாரா பிராஸ்னனும் ஃபிரான்ஸ் டி வாலும் வெளியிட்டது. இரண்டு கபுச்சின் குரங்குகளை அடுத்தடுத்து வைத்தார்கள். கல்லைத் திருப்பிக் கொடுத்தால் கூலி. இரண்டுக்கும் வெள்ளரித் துண்டு கொடுத்தவரை சண்டையில்லை. ஒன்றுக்கு மட்டும் திராட்சை கொடுக்கத் தொடங்கியதும் மற்றது வெள்ளரித் துண்டை வாங்கித் தூக்கி எறிந்தது. கையில் கிடைத்த தீனியை எறிகிறது, பாருங்கள். வயிற்றுக் கணக்கில் அது முட்டாள்தனம். இந்த முடிவைச் சந்தேகிக்கிற ஆய்வாளர்களும் உண்டு. அநீதியால் வந்த கோபமா, திராட்சை கிடைக்காத ஏமாற்றமா என்று வாதாடுகிறார்கள். வாதாடட்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று நாற்று நட்டவர்களிடம் கேட்டால் குரங்குக்கு என்ன வந்தது என்று சொல்வார்கள். குட்டிகளைக் கொல்லும் ஆண் குரங்குகள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தார்வாடிலும் அபு மலையிலும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். மிருகம் எல்லாம் புத்தர் என்று நான் சொல்லவில்லை. அறத்தின் விதை நமக்கு முன்பே மண்ணில் கிடந்தது என்றுதான் சொல்கிறேன். 1871இல் டார்வின் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. அதே ஆண்டில்தான் மெட்டீர் பாதிரியார் நம் 96 எட்டுக் கணக்கை அச்சில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

'அதெல்லாம் சரி, இன்றைக்கு மனிதனிடம் அறம் எங்கே' என்பார். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது அவர் எங்கே இருந்தார் என்று தெரியவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் திரும்பவில்லை. தேடப் போன கப்பல்கள் போதாது, தேடும் இடமும் தப்பு என்று கண்ட ஊர்க்காரர்கள், தங்கள் வள்ளங்களையும் விசைப்படகுகளையும் எடுத்துக்கொண்டு தாங்களே தேடக் கிளம்பினார்கள். புயல் ஓய்ந்தும் ஓயாத கடல். டீசலுக்குக் காசு தருவார் இல்லை. அடுத்த ஊர்க்காரன் உடலானாலும் கரை சேர்க்காமல் வரமாட்டோம் என்றார்கள். சில நாளில் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி ஆயிரக்கணக்கான பேர் குழித்துறை ரயில் பாதையில் உட்கார்ந்தார்கள். அதைப் போக்குவரத்து இடைஞ்சல் என்று அலுத்துக்கொண்ட அறவாளர்களும் இருந்தார்கள்.

கடைசியில் எந்திரம். இங்கே மேடைக்காரர் கொஞ்சம் தடுமாறுவார், ஏனென்றால் விஷயம் புதிது. 'எந்திரத்துக்கு மனசாட்சி இல்லை, அது வந்தால் நம் பண்பாடு அழியும்' என்பதோடு முடித்துக்கொள்வார். மனசாட்சி இல்லை என்பது உண்மை, அதற்காக யாரும் கொடை மேடை ஏற வேண்டாம். பண்பாடு அழியும் என்பதுதான் தலைகீழ். எந்திரத்தால் வரும் ஆபத்து, அது பண்பாட்டை அப்படியே காப்பாற்றிவிடும் என்பது.

அமேசான் கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்க ஒரு நிரலைப் பழக்கியது. பத்தாண்டுகளாக வந்த விண்ணப்பங்களைக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எந்திரம் பாடத்தை ஒழுங்காகப் படித்தது. விண்ணப்பத்தில் 'மகளிர்' என்ற சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. கம்பெனி அதைக் கைவிட்டது, 2018இல் செய்தி வெளியே வந்தது. அமெரிக்க நீதிமன்றங்களில் ஒருவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்கும் ஒரு நிரலை 2016இல் புரோபப்ளிக்கா செய்தி நிறுவனம் ஆராய்ந்தது. பிறகு குற்றமே செய்யாத கறுப்பர்களை 'ஆபத்தானவர்' என்று தவறாக முத்திரை குத்தியது வெள்ளையர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. எந்திரம் கெட்டதா? இல்லை, முன்னோர் வழி நடந்தது.

திருவிதாங்கூர் அரசின் எல்லா உத்தரவுகளையும், வழக்குகளையும், ஓலைகளையும் 1858 டிசம்பர் வரைக்கும் மட்டும் எடுத்து இன்றைய எந்திரம் ஒன்றுக்கு ஊட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய்யாற்றின்கரைச் சந்தையில் ஒரு பெண் மேற்சீலையோடு நிற்கும் படத்தைக் காட்டி 'இது சரியா' என்று கேளுங்கள். கண்மூடித் திறப்பதற்குள் சொல்லும்: குற்றம். எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். இரக்கப்படாது, களைக்காது, கவர்னர் கடிதத்துக்குப் பயப்படாது. 1859 ஜூலை 26 அதற்கு வரவே வராது. பழைய அறம் ஒரு அணுவும் குறையாமல் வேண்டும் என்கிற மேடைக்காரருக்கு இதைவிட விசுவாசமான வாரிசு எங்கே கிடைக்கும்? பொன்னாடையை அதற்குத்தான் போர்த்த வேண்டும்.

எந்திரத்தின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிய அமெரிக்கா போக வேண்டாம், ரேஷன் கடைக்குப் போனால் போதும். கடற்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் கண்டது. வரிசையில் ஒரு பாட்டி. வலது பெருவிரலைக் கைரேகைக் கருவியில் வைத்தார், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. 'ஈரம் இருக்கும், சேலையில தொடச்சிட்டு வையுங்க பாட்டி' என்றார் கடைக்காரர். துடைத்து வைத்தார், சிவப்பு. பாட்டி கையைத் திருப்பிக் காட்டினார். விரல் நுனி வழவழவென்று, கூழாங்கல்போல. 'சின்ன வயசிலேருந்து கயிறு முறுக்கின கையில்லா மக்களே, அதுல என்னத்த ரேகை இருக்கும்?' என்றார். பின்னால் நின்றவர் ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர், அவரும் தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கடைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு நோட்டை எடுத்து எழுதி, கையெழுத்து வாங்கி, அரிசியை அளந்தார். அவர் நல்லவர். நல்லவராக இல்லாவிட்டால்?

சுசீந்திரத்து நெய்யும் இந்தச் சிவப்பு விளக்கும் ஒரே சாதி. இரண்டும் கையைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. இரண்டும் காரணம் சொல்லாது. இரண்டையும் தப்பு என்று சொல்ல ஊரில் யாருக்கும் தைரியம் வராது, அங்கே சாமி, இங்கே சிஸ்டம். சிஸ்டத்துக்கு நெஞ்சு இருக்கிறதா என்று இருபது நிமிடம் தழுதழுப்பதால் பாட்டிக்கு ஒரு மணி அரிசி கிடைக்காது. அது தப்பு செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் மாற்ற யாருக்கு அதிகாரம், மாற்றாவிட்டால் அவர்மேல் என்ன நடவடிக்கை என்று கேட்க வேண்டும். கைமுக்கலிடம் இந்த மூன்றையும் கேட்க முடியவில்லை. இதனிடம் கேட்கலாம், கேட்கிறவர் இருந்தால்.

ரேகை விழவில்லை என்பதற்காகப் பொருள் மறுக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு சொல்லியிருப்பது பல பாட்டிகளுக்குத் தெரியாது. அடுத்த கொடையில் அதை மைக்கில் வாசிக்கலாம். மறுத்தால் தாலுகா அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும், மனுவில் என்ன எழுத வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லலாம். மூன்று நிமிடம் ஆகும். கவரில் குறைக்கமாட்டார்கள், கமிட்டியில் நான் பேசிக்கொள்கிறேன்.